எச்சரிக்கைப் பக்கம்

இணையதளம் என்று ஒன்று வைத்தால் அதற்கு முதலில் வேண்டியது ஒரு நல்ல போட்டோ. என்னுடையதை எடுத்தது கொழுந்து பறிக்கிற குருவம்மாள்தான். அவர் குடியிருந்த லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேலே உள்ள தேயிலைச் சரிவில், மழை அளக்கிற குப்பிக்குப் பக்கத்தில் என்னை நிற்கவைத்து, "கொஞ்சம் சிரிங்க சாரே, சிரிச்சா காசா கேக்காக?" என்று என் போனிலேயே எடுத்தார். இன்றைக்கும் என் தளத்தைத் திறந்தால் அந்தச் சிரிப்புத்தான் முதலில் வரும்.

நீங்கள் விசாரணை அதிகாரி. தளத்தை எடுத்துவிடச் சொல்கிறீர்கள். எடுக்க மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பாண்டீஸ்வரன். வண்டிப்பெரியாருக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் லயத்தில் பிறந்தவன். மண்சரிவு பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கி, மூணாறுக்குக் கீழே ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கூட வேலை பார்ப்பவர்களுக்கு மாமா, மச்சான் என்று யாராவது பெரிய இடத்தில் இருக்கிறார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள்? கொழுந்து பறிக்கிறவர்கள் சிபாரிசா செய்ய முடியும்? எனக்கு மாமா, மச்சான் எல்லாம் இந்தத் தளம்தான். அதனால் அதை விடாமல் மெருகேற்றினேன். கட்டுரைகளை ஒழுங்குபடுத்தினேன், வரைபடங்கள் சேர்த்தேன். 'எச்சரிக்கைகள்' என்று ஒரு பக்கமும் வைத்தேன். எந்தச் சரிவு இறங்கும் என்று நான் முன்கூட்டியே சொல்வதெல்லாம் அதில் வரும். எங்கள் கல்லூரியில் வேறு எவரிடமும் அப்படி ஒரு பக்கம் கிடையாது.

ஏற்பாடு இதுதான். கல்லூரிக்குப் பக்கத்து எஸ்டேட்டில்தான் குருவம்மாளின் லயம்; அவர் தினமும் குப்பியைப் பார்த்து எனக்குப் போனில் சொல்வார். அளவு மீறினால் நான் தேயிலை ஃபேக்டரிக்குச் சொல்வேன். வேலைக்கு ஊதுகிற அதே சங்கை அவர்கள் நேரங்கெட்ட நேரத்தில் ஊதுவார்கள். அதைக் கேட்டதும் லயத்து ஜனம் பிள்ளைகுட்டிகளோடு எதிர்மேட்டுக் கோயிலுக்கு ஏறிவிட வேண்டும்.

போன வருஷம் ஒருமுறை ஊதச் சொன்னேன். எல்லோரும் நனைந்துகொண்டே ஏறினார்கள். மலை அசையவில்லை. அரைநாள் சம்பளம் போனதுதான் மிச்சம். அன்றிலிருந்து நான் 'சங்கு சார்'. டீக்கடையில் அதே பெயர், ஜீப்பில் ஏறினாலும் அதே பெயர். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இனி நான் உறுதியாகச் சொன்னாலொழிய சங்கு ஊதாது என்றார். யார் சொன்னாலும் ஊதாது, நான் சொன்னால் மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் அந்த எச்சரிக்கையைத் தளத்திலிருந்து நீக்கினேன். தப்பை நீக்குவதும் மெருகேற்றுவதுதானே.

இந்த வருஷம் வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். தேர்வு செய்கிறவர்கள் தளத்தைப் பார்ப்பார்கள் என்று தெரியும். அந்த நேரம் பார்த்து ஆடி மழை பிடித்துக்கொண்டது. இன்னொரு தடவை சங்கு ஊதி, மலை சும்மா இருந்துவிட்டால் என் பிழைப்பில் மண்தான். நிதானமாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன்.

எச்சரிக்கையை எழுதினேன். எந்தச் சரிவு, எந்த லயம், எல்லாம் போட்டேன். ஆனால் வெளியிடவில்லை. என்னைத் தவிர யார் கண்ணிலும் படாதபடி சேமித்து மட்டும் வைத்தேன். எப்போது வெளியிட்டாலும் பக்கத்தின் தலையில் எழுதிய நேரம்தான் விழும். மலை விழுந்தால் பொத்தானை அழுத்துவேன், விழாவிட்டால் அழித்துவிடுவேன். தப்பே வராது. இதில் என்ன குற்றம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அன்று வேலை விட்டு வந்ததும் குருவம்மாள் கூப்பிட்டார். போன் பதிவு உங்களிடம் இருக்கிறது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

"சாரே, குப்பி நெறஞ்சு வழியுது. ஓடைத்தண்ணி சேறா வருது. சங்கு ஊதச் சொல்லுதியளா?"

"வேண்டாம்க்கா. போன தடவ பட்டது போதாதா? வீட்டுல இருங்க, நான் பாத்துச் சொல்லுதேன்."

"சின்னதுகள மட்டுமாவது கோயிலுக்கு அனுப்பட்டா?"

"இந்த மழையில எதுக்குக்கா? ஒண்ணும் ஆவாது."

"நீங்க சொன்னாச் சரிதான் சாரே," என்று வைத்துவிட்டார். பேசும்போது அந்தப் பக்கம் என் முன்னால் திறந்துதான் இருந்தது. அவர் என்னை நம்பியதற்கும் நான்தான் பொறுப்பா?

விளக்கு வைக்கிற நேரத்தில் மலை இறங்கியது. லயம் இருந்த இடத்தை நீங்களே போய்ப் பார்த்தீர்கள். என் கணக்கு ஓர் அடிகூடப் பிசகவில்லை. நான் வரைபடத்தில் போட்ட கோட்டிலேயே மண் வந்து நின்றது. வடக்கேயிருந்து பாராட்டி எழுதியிருக்கிறார்கள். 'சங்கு சார்' என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டவர்களில் பாதிப்பேர் இல்லை.

குருவம்மாளின் பெயரை நன்றிப் பகுதியில் சேர்த்திருக்கிறேன். தளத்தை எடுத்துவிட்டால் அந்தப் பெயர் உலகத்தில் வேறு எங்கே இருக்கும்? அதையும் யோசியுங்கள்.

மலை இறங்கியது எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டீர்கள். ஃபேக்டரியிலிருந்து சின்னையன் அழுதுகொண்டே போன் செய்தபோதுதான் தெரிந்தது. அங்கே ரோடு போய்விட்டது, உள்ளே குரல் கேட்கிறது, ஃபயர்ஃபோர்ஸுக்கு உடனே சொல்லுங்கள் என்றார். சொன்னேன். கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னேன். முதலில் பக்கத்தை வெளியிட வேண்டியிருந்தது. அதில் ஓர் எழுத்துப்பிழைகூடக் கிடையாது, திறந்து பாருங்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன் இரண்டு முறை நிதானமாகப் படித்துப் பார்த்தேன்.