கரோலுக்காக ட்ரிப்பரை மறித்தது பற்றி தங்கச்சன் சொன்னது

பெயர் தங்கச்சன், வயது 51, தகப்பனார் பெயர் குரியாக்கோஸ், தொழில் பேக்கரி, படிப்பு பத்தாவது, விலாசம் கோட்டயம் மாவட்டம் கிடங்கூர், புளிக்கல் வீடு. 23.12.2023 காலை பத்து மணிக்கு நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்து உதவி ஆய்வாளர் முன்பு சொல்வதாவது:

நான் மேற்படி வீட்டில் மனைவி லிஸம்மா, பிளஸ் டூ படிக்கும் மகள் ஜின்ஸி ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். வீட்டு வயரிங் வேலை முழுவதும் எலக்ட்ரீசியன் சுகதன் செய்தது. கரண்ட் கசிந்தால் தானாக விழும் ட்ரிப்பரையும் அவர்தான் மாட்டினார். நான் ஒருமுறை மிக்ஸியைக் கழற்றி மாட்டி, ஒரு திருகு மிஞ்சியும் அது ஓடியதால், எனக்கும் மின்சார வேலை தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இம்மாதம் ஒன்றாம் தேதி கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை மாடிக்குப் போகும் இரும்புப் படிக்கட்டின் கைப்பிடியில் கட்டினேன். அதற்கான வயர் மூன்று இடத்தில் நான் ஒட்டுப்போட்டு டேப் சுற்றியது. அது முதல் பனி இறங்கும் நேரம் ட்ரிப்பர் விழுந்து வீடு முழுவதும் இருட்டாகும். நான் ஏற்றுவேன், அது விழும். “பப்பா, ஊர்ல எல்லா ஸ்டாரும் எரியுது, நம்மளது கண்ணடிக்குது” என்று மகள் கேலி செய்தாள்.

22ஆம் தேதி காலை ஏழு மணிக்கு, பனி காயும் முன்பு, சுகதன் வந்து பார்த்தார். நட்சத்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினால் ட்ரிப்பர் விழாமல் நின்றது, சொருகினால் விழுந்தது. “அச்சாயா, அது மேல குத்தமில்ல. உங்க ஒட்டு வயருதான் கசியுது. கழட்டி வைங்க, நாளைக்குப் புது வயரோட வர்றேன்” என்றார். அன்று மாலை சர்ச்சிலிருந்து கரோல் பாட வர இருந்தார்கள். போன வருடம் அவர்கள் வந்தபோதும் விளக்கு அணைந்து, சர்ச் மணியடிக்கும் கபியார் மத்தாயி எல்லோர் முன்னாலும், “தங்கச்சன் வீட்டுல குழந்தை ஏசு இருட்டுலதான் பொறக்கணும் போல” என்றார். அதனால் கரண்ட் ட்ரிப்பர் வழியாகப் போகாமல் நேராகப் போகும்படி, ஒருநாள் மட்டும் அதை மறித்துக் கொடுக்கச் சொன்னேன். “அத மட்டும் என்கிட்ட கேக்காதீங்க” என்று சொல்லிவிட்டு சுகதன் போய்விட்டார்.

அதன் பிறகு மாலை நான்கு மணிக்கு, மனைவி சந்தைக்குப் போன நேரத்தில், நான் மெயினை இறக்கி, ட்ரிப்பருக்குள் வரும் இரண்டு வயரையும் வெளியே போகும் இரண்டு வயரோடு நேராக முறுக்கி டேப் சுற்றினேன். மெயினை ஏற்றியதும் எல்லாம் எரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆறே முக்கால் மணிக்கு கரோல்காரர்கள் கொட்டு அடித்துக்கொண்டு கேட்டுக்குள் வந்தார்கள். மகள் குளித்த ஈரக்காலோடு மாடியில் காயும் துணியை எடுக்கப் படிக்கட்டுக்குப் போனாள். கொட்டுச் சத்தத்தில் அவள் கத்தினாளா என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்த்தபோது அவள் கை கைப்பிடியோடு ஒட்டி, உடம்பு உதறிக்கொண்டிருந்தது. ட்ரிப்பர் விழவில்லை. வீடு முழுவதும் வெளிச்சமாக இருந்தது. நான் அவளைப் பிடிக்கப் போனபோது மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து, “மெயின இறக்குங்க” என்றாள். அதன் பிறகு ஓடினேன். மெயின் சுவிட்சை இரண்டு முறை தவறவிட்டு மூன்றாம் முறை இறக்கினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், இதயத் துடிப்பு சரியில்லை, இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார். என் மச்சான் பேபிச்சன் வீட்டில் போர்டைப் பார்த்துவிட்டு அங்கே வந்து, “போர்டுல வயர முறுக்கி வெச்சிருக்கான், காலையில வந்த சுகதன் வேலைதானே இது?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் எழுதிய புகாரில் கையெழுத்தும் போட்டேன். ஜெயிலுக்குப் பயந்ததைவிட மனைவி என்னைப் பார்க்கும் பார்வைக்கே அதிகம் பயந்தேன். அந்தப் புகாரின் பேரில் சுகதன் நேற்று ராத்திரி முதல் இந்த நிலையத்தில்தான் இருக்கிறார்.

மேற்படி முறுக்கு என் கையால் போட்டது. சுகதனுக்கு அதில் சம்பந்தம் இல்லை. அவரை விட்டுவிடும்படியும் என் பேரில் வழக்குப் பதியும்படியும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே வருமுன் மனைவியிடம் சொன்னேன். அவள் எழுந்து மகள் கட்டிலுக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்தாள்.

இன்று அதிகாலை மகளுக்கு நினைவு வந்தது. “ட்ரிப்பர் ஏன் விழல பப்பா?” என்று கேட்டாள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். அவளிடம் நானே சொல்லும்வரை போலீஸார் சொல்ல வேண்டாம்.

மேலே எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் இதுவே.

(ஒப்பம்) தங்கச்சன்