கம்பெனிச் சூரியன்

— இன்னைக்கும் மூடுபனிதானா, சிக்யா?

— கையை நீட்டினா கை தெரியல அண்ணி. இந்த சான் பிரான்சிஸ்கோ சூரியனுக்கு நம்ம மேல என்ன கோபமோ! அத்தைக்காரி நான் குத்துக்கல்லா இருந்தும் என் மருமகன் பேரில்லாம கிடக்கான்.

— விடியற சூரியனுக்குக் காட்டாம எப்படிப் பேர் வைப்ப? நம்ம ஹோப்பி சனங்களோட பாலைவனத்து ஊர்லன்னா இந்நேரம்...

— அதுக்குத்தான் மேனேஜர் ஹேடன் வழி கண்டுபிடிச்சிட்டாரே. நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்கல. கண்காட்சிக்காக ரயில் கம்பெனி கட்டின பொய் ஊர்தானே இது, சுவரெல்லாம் வெறும் அட்டை. தானா காதுல விழுந்துச்சு.

— என்ன வழி?

— பொய் மலைக்குப் பின்னாடி பெரிய மின்விளக்கு இருக்குல்ல, அதை ஏத்தி விடியல் காட்டுவாங்களாம். நாளைக்கு விடியக்காலைல பத்திரிகைக்காரங்க வர்றாங்க. ‘உலகக் கண்காட்சியில பொறந்த குழந்தை’ன்னு படம் போடுவாங்க. பேரையும் ஹேடனே வைப்பார். கம்பெனி ரயிலோட பேர்.

— ரயில் பேரா! என் பிள்ளைக்கா?

— படத்தைப் பார்த்து நாலு பேர் நம்ம பாலைவனத்துக்கு டிக்கெட் எடுக்கணும்ல. பின்ன எதுக்கு நம்மளைக் கொண்டாந்து வச்சிருக்கான்? நேத்து வேடிக்கை பார்க்க வந்த ஒருத்தி நிஜமான்னு சுவரைச் சுரண்டிப் பார்த்தா. அப்புறம் என் கன்னத்தையும்.

— வெளிச்சம் படாம பொத்திப் பொத்தி வச்சிருக்கேன், பல்பைக் காட்டவா? முடியாதுன்னு சொல்லிட்டு வா.

— சரின்னு சொல்லிட்டேனே.

— அடிப்பாவி! அதான் புதுச் சால்வையா?

— நல்லா இருக்குல்ல? கத்தாதீங்க அண்ணி. நாளைக்கு இருட்டோட நீங்க, நான், பிள்ளை மூணு பேரும் பால் வண்டியில ஏறிக் கிளம்பறோம். முதல் படகு. அக்கரை மலைமேல ஏறிட்டா பனியெல்லாம் காலுக்குக் கீழ. அண்ணன் போய்ப் பார்த்துட்டு வந்தாச்சு.

— காணோம்னு தேட மாட்டாங்களா?

— மேனேஜருக்கு நம்ம பொம்பளைங்கள்ல யார் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பானை செய்யற அக்கா என் சால்வையைப் போத்திக்கிட்டு நிப்பா.

— பிள்ளைக்கு என்ன செய்வா?

— பேர் வைக்கிற வரைக்கும் முகத்துணியை விலக்கினா தெய்வக்குத்தம்னு அடிச்சு விட்டேன். ஹேடன் பயபக்தியோட தலையாட்டினார்.

— சரி, துணிக்குள்ள என்னதான் இருக்கும்?

— அடுப்படியில ஒரு பூசணிக்காய் உருண்டு கிடந்துச்சே அண்ணி, பாண்டு வாத்தியத்தோட அதுக்குத்தான் நாளைக்கு ரயில் பேர் வைக்கப் போறாங்க.