சஹனுக்கு ஆறு பேர்

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். அவர்களுடைய வேன் கராஜில் கிடக்கிறதாம். அதை விற்றுவிட்டு வாங்கலாமென்று, புதிதாக வந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் செடான் கார் ஒன்றைக் கணவர் போனில் காட்டிக்கொண்டிருந்தார்.

"கலியாண வீட்டுல ஒரு சஹனுக்கு எத்தின பேர்?" என்று கேட்டாள் மனைவி.

"இதென்ன கேள்வி? ஆறு பேர் சுத்தி இருந்து ஒரே தட்டுலதானே சாப்பிடுவம்."

"உங்கட கூட்டாளிமாரா?"

"ஓம், எப்பவும் நாங்க ஆறு பேர்தான். ஒண்டாத்தானே வேன்ல போவம்."

"இந்தக் கார்ல அஞ்சு பேர்தான் போகலாம். ஆரை விட்டுட்டுப் போவீங்க?"

பாலாவி வரும்வரை ஒவ்வொரு பெயராக முணுமுணுத்துப் பார்த்தார். ஒருவரையும் கழிக்க முடியவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"சரி, வேனுக்குப் பெயின்ட் அடிப்பம்."

"அடிங்க," என்றாள் அவள். "அந்தச் சிவப்பையே அடிங்க."