கதவு வைக்காத மாநகராட்சி

ஹலோ... மேடம், நான்தான், மாநகராட்சிக் கட்டடத்து மேனேஜர். ஆமா, ஆமா, நீங்க டிசைன் பண்ணின அதே கட்டடம்தான்... பிரமாதமா இருக்கு மேடம். அதான் பிரச்சினையே.

ஊர் முழுக்கக் கரன்ட் இல்ல. இங்கே மட்டும் மரத்தடி மாதிரி குளுகுளுன்னு... தெருவே வந்து படுத்திருக்கு. பாயோட, தலையணையோட, கைக்குழந்தையோட. ஒரு அம்மா வெங்காயம் உரிச்சிக்கிட்டிருக்காங்க... மக்களுக்காகத்தான் கட்டினீங்க, ஒத்துக்கறேன். நிஜமாவே வந்துட்டாங்களே, அதுக்கு என்ன பண்றது?

ஏசியே இல்லாத கட்டடம்னு நமக்கு விருது குடுக்க, இன்னும் கொஞ்ச நேரத்துல விருதுக் குழு வருது. அதுக்குள்ள கூடம் காலியாகலன்னா என் நாற்காலி காலின்னு மேயர் சொல்லிட்டுப் போயிருக்காரு... சாத்திடலாம்னு கதவைத் தேடினேன் மேடம். எங்கே வெச்சிருக்கீங்க?... வைக்கவே இல்லையா.

சரி, காத்தையாவது நிறுத்த முடியுமா?... கோபப்படாதீங்க. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு... மேற்குச் சுவர். சிவப்புக் கைப்பிடி. இருங்க... திருகிட்டேன்.

ஆமா, சூடு ஏறுது. எனக்கே வேர்க்குது. ஒவ்வொருத்தரா எழுந்திருக்காங்க. பாயைச் சுருட்டறாங்க. நீங்க தெய்வம் மேடம்...

இல்ல, வெளியே போகல. படியேறுறாங்க... நானும் பின்னாலயே போறேன். மேலே மேயர் அறைதான். அதுக்கு மட்டும் ஒரு கதவு போட்டிருக்கோம். ஒரு குழந்தை கதவடியில கையை வெச்சு, ஜில்லுன்னு வருதுங்குது... தட்டுறாங்க. அவரும் டீ வந்துடுச்சுன்னு நெனச்சுத் திறந்துட்டாரு.

மேடம்? லைன்ல இருக்கீங்களா?... ஏசிதான். மரப்பலகைக்குப் பின்னால. நீங்க போனப்புறம் வெச்சது. வேர்த்தா அவருக்கு யோசனை வராதாம்... ஆமா, உங்க சோலார்லதான் ஓடுது. ஒரு துளி வீணாகல.

ஐயோ, விருதுக் குழு. கூட்டத்தோட கூட்டமா உள்ளேயே நுழைஞ்சுட்டாங்க... மேயர் அறைகூட மக்களுக்குத் திறந்திருக்கேன்னு அசந்து போறாங்க. இவரும் எல்லாரையும் வாங்க வாங்கங்கிறாரு. பிழைச்சோம் மேடம், விருது நமக்குத்தான்.

இருங்க... பலகைக்குப் பின்னால என்ன சத்தம்னு கேக்கறாங்க... நான் முந்திக்கிட்டுத் தேனீக்கூடுன்னு சொல்லிட்டேன்... திட்டாதீங்க, வேற எது அப்படி ரீங்காரம் பண்ணும்?

சந்தோஷப்படறாங்க மேடம். ரொம்ப. பாத்தே ஆகணுமாம்... மேயர் ஸ்க்ரூ டிரைவரை வரவழைச்சு என் கையில குடுத்துட்டாரு. தேனீ முழுக்க முழுக்க இவரோட யோசனைங்கன்னு என்னைக் காட்டி அவங்ககிட்ட சொல்றாரு...

வெச்சிடறேன் மேடம். ரெண்டு கையும் வேணும்.