ஷாப்லாவும் ரெண்டு பானை சூப்பும்

விடோல்ட்: ஹங்கேரியில இருந்து எம் பொண்ணைக் கேட்டு வந்தவன்... செவுத்துல தொங்குற வாளைப் பாத்ததும் என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு.

சோங்கோர்: அந்த வாளோட பேரு எங்க ஊருதுன்னேன், சார்.

விடோல்ட்: ஷாப்லா! அது போலந்துப் பேரு இல்லையா?

சோங்கோர்: நாங்க ஸாப்யான்னு சொல்றோம். ஸாப்னா வெட்டுறது. துணி வெட்டுற தையக்காரர்கூட எங்களுக்கு ஸாபோதான்.

விடோல்ட்: அப்ப எங்க முப்பாட்டன் கத்திரிக்கோலைத் தூக்கிட்டா சண்டைக்குப் போனாரு?

பொக்னா: அப்பா...

விடோல்ட்: நீ இரும்மா. ஜெர்மன்காரன் ஸேபல்ங்கிறான். பிரெஞ்சுக்காரன் ஸாப்ர். இத்தாலிக்காரன் ஷாபொலா. எல்லாம் எங்ககிட்ட இருந்து போனது.

சோங்கோர்: போயிருக்கலாம். உங்களுக்கு எங்ககிட்ட இருந்து வந்துச்சு. இந்த வாள்ல ஒரு வகைக்கு நீங்களே உங்க பழைய ராஜா பாத்தோரி பேரைத்தானே வச்சிருக்கீங்க? அவர் எந்த ஊரு?

விடோல்ட்: ஹங்கேரிக்காரர்தான். கூப்பிட்டு ராஜாவாக்கினது யாரு? எங்க இளவரசியைக் கட்டி வச்சது யாரு?

சோங்கோர்: அந்தப் பழக்கத்தை விட்டுடாதீங்கன்னுதான் நானும் கேக்குறேன்.

விடோல்ட்: வாயைப் பாரு... அடுப்புல ரெண்டு பானை இருக்கு. ஒண்ணு புளிச்ச மாவு சூப்பு, வெள்ளை. இன்னொண்ணு வாத்து ரத்தம், கறுப்பு. பொக்னா, கறுப்பை ஊத்தினா என்ன அர்த்தம்னு இவன்கிட்ட சொன்னியா?

பொக்னா: சொன்னேன். பொண்ணு தர மாட்டோம், கிளம்புன்னு அர்த்தம். இந்தக் காலத்துல யாருப்பா அதெல்லாம்...

விடோல்ட்: இந்த வீட்டுல நான். தம்பி, ஷாப்லா போலந்துப் பேருதான்னு ஒரு வார்த்தை சொல்லு. வெள்ளை வரும்.

பொக்னா: சொல்லித் தொலையேன்! ஒரு வாளு பேருக்காகவா என்னை விட்டுட்டுப் போவே?

சோங்கோர்: இன்னைக்கு இதுக்குப் பொய் சொன்னா, நாளைக்கு எதெதுக்கோ சொல்லணும் பொக்னா... சார், எங்களுதுதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். பண்டிதருங்களே அடிச்சுக்கிறாங்க. ஆனா உங்களுது இல்ல.

விடோல்ட்: அப்ப தட்டை நீட்டு.

பொக்னா: அப்பா, வேணாம்ப்பா!

விடோல்ட்: ஊத்தியாச்சு. கறுப்பு... என்னடா, தின்னுட்டு இருக்கே?

சோங்கோர்: எங்க ஊர்ல பன்னி வெட்டுற அன்னைக்கு ரத்தத்தை வெங்காயம் போட்டு வறுப்போம். இது அதைவிட நல்லாருக்கு. இன்னொரு கரண்டி ஊத்துங்க.

விடோல்ட்: டேய்... இது போகச் சொல்ற சூப்பு.

சோங்கோர்: தெரியும். போகல. ஊத்துங்க.

பொக்னா: அப்பா... நீ ஏம்ப்பா சிரிக்கிறே?

விடோல்ட்: உங்கம்மாவைக் கேட்டுப் போனப்ப எனக்கும் கறுப்புதான் ஊத்தினாங்க. நானும் இன்னொரு தட்டு கேட்டேன்... நல்லா நீட்டுங்க மாப்பிள்ளை, சிந்துது.