இரண்டாவது பிரதி

என் வீட்டில் கத்தரிக்கோலை யாரும் தேடியது கிடையாது. சமையலறையில் இரண்டாவது இழுப்பறை, இடது பக்கம், கைப்பிடி வெளியே தெரிகிற மாதிரி இருக்கும். உங்கள் போலீஸ் ஆட்கள் எல்லா இழுப்பறைகளையும் திறந்து பார்த்தார்கள். எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்தார்களா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், மிஸ் ஹோவ்லண்ட். மற்றபடி எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

பயிர்க் காப்பீட்டு அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் கோப்புகளைப் பார்த்துக்கொண்டவள் நான். ஆலங்கட்டி மழையில் கோதுமை போனவர்கள், வெள்ளத்தில் சோயா போனவர்கள், எல்லோருடைய காகிதமும் என் கையில்தான். ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. ஆர்டிஸ் ட்வெய்ட் என்றால் இந்த மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

லோரன் என் தம்பி. எனக்கும் அவனுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அம்மா போனபோது அவன் ஏழாம் வகுப்பு, அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். வளர்த்தது நான்தான். நல்ல பையன், ஆனால் கையில் எதுவும் நிற்காது. கையுறை, சாவி, பல் மருத்துவரிடம் வாங்கிய சீட்டு, எதைக் கொடுத்தாலும் ஒரு வாரத்தில் காணாமல் போகும். அப்படிப்பட்டவன் பிட்காயினை ஒரு லேப்டாப்பில் வைத்திருந்தான்.

அப்போது அதற்குப் பெரிய விலை ஒன்றும் இல்லை. வீட்டின் அடித்தளத்து அறையில் நாலைந்து கம்ப்யூட்டர்களை ஓட்டிக் காசு எடுக்கிறேன் என்று உட்கார்ந்திருப்பான். குளிர்காலத்தில் அந்த அறை கதகதப்பாக இருக்கும், எனக்கு அதுதான் லாபம் என்று நினைத்தேன். அந்தப் பணம் முழுவதும் வாலட் என்கிற ஒரு சின்னக் கோப்பில் இருக்கிறது, அது போனால் எல்லாம் போச்சு என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னான். எனக்குத் தூக்கம் போய்விட்டது. மறுநாளே அவனை உட்கார வைத்து, ஒரு பென் டிரைவில் பிரதி எடுக்கச் சொல்லி, பிஸ்கட் டின்னில் போட்டு ஃப்ரீசருக்குள் வைத்தேன். அடுத்த மாதம் அவன் லேப்டாப் மேல் பீரைக் கொட்டினான். அழுதேவிட்டான். நான் போய் டின்னைத் திறந்தேன்.

அன்றிலிருந்து அது என் பொறுப்பு. ஒரே ஒரு பிரதி இருந்தால் பிரதியே இல்லை என்று அர்த்தம். திறந்து பார்க்காத பிரதியும் பிரதி இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்ப்பேன். ஒரு டிரைவ் தானாகச் செத்தது, இன்னொன்று வசந்தகால வெள்ளத்தில் போனது. பிறகு லோரன் எல்லாவற்றையும் ஒரு கையடக்கக் கருவிக்கு மாற்றினான். அது இருபத்து நான்கு சொற்களைக் கொடுக்கும். கருவி உடைந்தாலும் பரவாயில்லை, அந்தச் சொற்களை வரிசையாகச் சொன்னால் உலகத்தின் எந்த மூலையிலும் பணம் திறக்கும். யார் சொன்னாலும் திறக்கும். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் ஒருபோதும் மறக்கவில்லை.

முதலில் இரும்புத் தகட்டில் அடித்து வைத்திருந்தோம். மேற்கே எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் ஒருவன் வீட்டில் முகமூடிக்காரர்கள் புகுந்து இப்படி ஒரு தகட்டைத் தூக்கிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டதும், தகட்டைத் தேய்த்து அழித்துவிட்டு மனப்பாடம் செய்தோம். அவன் தலையில் ஒரு பிரதி, என் தலையில் ஒரு பிரதி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்ததும் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு மாறி மாறி ஒப்பிப்போம். ஒரே வண்டியில் இரண்டு பேரும் போகமாட்டோம். அவன் டிரக்கில் முன்னால் போவான், நான் என் காரில் பின்னால். ஏதாவது ஆனால் ஒருவர் மிஞ்ச வேண்டும் அல்லவா. இப்படி எட்டு வருஷம் ஓடியது. நாங்கள் அதில் ஒரு டாலர்கூட எடுத்துச் செலவழிக்கவில்லை. தேவைப்படவில்லை.

மாரிசெலா வந்தது அதற்குப் பிறகு. ஒக்லஹோமாவிலிருந்து கோதுமையோடு வடக்கே நகர்ந்து வருகிற அறுவடைக் குழுவுக்குச் சமையல் செய்கிறவள். இரண்டு ஆகஸ்ட் இங்கே வந்தாள். இரண்டாவது ஆகஸ்டில் லோரன் தினமும் அவள் சமையல் வண்டியில்தான் சாப்பிட்டான். என் வீட்டில் நான் அவனுக்காக அவனில் சுட்டு வைத்த உருளைக்கிழங்கும் இறைச்சியும் அப்படியே ஆறிக் கிடக்கும். செப்டம்பரில் ஒருநாள் வந்து, "அக்கா, நான் அவகூடப் போறேன். ஒக்லஹோமால, ஈனிட் ஊர்ல ஒரு சின்ன வீடு பாத்திருக்கோம்" என்றான்.

"அந்தச் சொல்லெல்லாம்?" என்றேன்.

"அது எங்க போகும்? என் தலைலதான இருக்கு."

"நீ தூக்கத்துல பேசுவே."

சிரித்தான். "இந்த வயசுல இதுக்கெல்லாமா பயப்படுவே? அவளுக்கு அந்தப் பணம் இருக்கறதே தெரியாதுக்கா."

அதுதான் எனக்குப் பயம். தெரியாதவள் பக்கத்தில் படுத்து ஒரு இரவு தெரிந்துகொள்வாள். அவன் ஓட்டைவாய் என்று நான் சொல்லவில்லை, ஆனால் சின்ன வயதில் தூக்கத்தில் பெருக்கல் வாய்ப்பாடு முழுவதும் ஒப்பித்தவன். ஒரு பிரதி என் கண்ணை விட்டு ஆயிரம் மைல் தள்ளிப் போகிறது. சரிபார்க்க முடியாது, பூட்டி வைக்க முடியாது. என் இடத்தில் இருந்தால் நீங்களும் யோசித்திருப்பீர்கள்.

அக்டோபர் பதினான்காம் தேதி காலையில், பழைய தூண்டில் பெட்டியை எடுக்க அவன் அடித்தளத்து அறைக்குள் போனான். கம்ப்யூட்டர்களை யாரும் திருடக் கூடாது என்று அந்த இரும்புக் கதவை வாங்கி மாட்டியவன் அவன்தான். தாழ்ப்பாள் வெளிப்பக்கம். நான் கதவைச் சாத்தினேன். அதற்கு மேல் அன்று ஒன்றும் செய்யவில்லை.

அந்த அறையில் ஒரு குறையும் கிடையாது. எட்டடிக்குப் பத்தடி, சிமெண்டுச் சுவர். முன்பு துணி துவைக்கும் அறையாக இருந்ததால் தண்ணீர்க் குழாயும் தரையில் வடிகாலும் உண்டு. கம்பளி கொடுத்தேன், மூன்று வேளையும் சாப்பாடு கொடுத்தேன். தட்டு போகிற அளவுக்குக் கதவின் கீழே ஒரு திறப்பு இருந்தது. சன்னல் மட்டும் இல்லை. இப்போது பகலா ராத்திரியா என்று அடிக்கடி கேட்பான், நான் உள்ளதைச் சொல்வேன்.

அவன் அலைபேசியிலிருந்து மாரிசெலாவுக்கு, மனசு மாறிவிட்டது, தேட வேண்டாம் என்று அனுப்பினேன். அவள் என் வீட்டு எண்ணுக்கே தினமும் கூப்பிட்டாள்.

"மேடம், அவரு வர வேண்டாம். அவரு வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் போனை வெச்சுடறேன்."

"அவன் வெளியே போயிருக்கான்" என்றேன்.

"நேத்தும் அதைத்தான் சொன்னீங்க."

நான் பேசும்போது வெப்பக் குழாய் வழியாக அவன் கீழே தட்டுகிற சத்தம் சமையலறைக்குள் கேட்டது. பாத்திரம் உருட்டுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். தேவாலயத்தில் கேட்டவர்களிடம் லோரன் சமையல்காரியோடு ஒக்லஹோமா போய்விட்டான் என்றேன். எல்லோருக்கும் சந்தோஷம். பாவம் இத்தனை வருஷம் தனியாகக் கிடந்தான், இப்போதாவது விடிந்ததே என்றார்கள்.

முதல் இரண்டு வாரம் கத்தினான், உதைத்தான். பிறகு ஒருநாள் காற்றுக் குழாயில் வாயை வைத்து அந்த இருபத்து நான்கு சொற்களையும் வரிசையாக உரக்கக் கத்தத் தொடங்கினான். என்னைப் பயமுறுத்தத்தான். சுற்றிலும் மூன்று மைலுக்கு அறுத்த வயல், கேட்க ஆள் கிடையாது. நான் படியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

"பதினேழும் பதினெட்டும் மாறிப்போச்சுடா" என்றேன் கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து.

உள்ளே சத்தம் நின்றது. பிறகு அவன் அழுதான். ஆனாலும் தப்பைத் தப்பென்று சொல்லாமல் விட முடியாது.

அதற்கு மறுநாள்தான் அமைதியாகப் பேசினான். இதை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும்.

"அக்கா, நான் சொல்றதக் கேளு. புதுசா ஒரு வாலட் உண்டாக்கு. அது புதுசா இருபத்துநாலு சொல்லு குடுக்கும், எனக்குக் காட்டாத. இருக்கற காசு மொத்தத்தையும் அதுக்கு அனுப்பிடு. எனக்கு ஒரு பைசா வேண்டாம். அப்புறம் என் தலைல இருக்கறது காலிப் பொட்டியோட சாவி. நான் தூக்கத்துல உளறினாலும் எவனுக்கும் பிரயோஜனம் இல்ல. பத்து நிமிஷ வேலைக்கா."

அவன் சொன்னது சரிதான். எனக்கும் தெரிந்த விஷயம்தான்.

"அனுப்பக் கட்டணம் ஜாஸ்தியா இருக்கு, குறையட்டும்" என்றேன்.

"எவ்ளோ?"

"பதினோரு டாலர்."

காலித் தட்டைக் கதவின் கீழே வெளியே தள்ளினான். பிறகு, "சரிக்கா. குறைஞ்சதும் பண்ணிடு" என்றான். அதற்குப் பிறகு அவன் கத்தவில்லை. தட்டு உள்ளே போகும்போதெல்லாம் இன்றைக்குக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்பான்.

நானும்தான் அடைபட்டுக் கிடந்தேன், அதை யாரும் யோசிப்பதில்லை. தொண்ணூற்றேழு நாளில் கடைக்கும் தேவாலயத்துக்கும் தவிர எங்கும் போகவில்லை. ஃபார்கோவில் தோழியின் மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. மற்றபடி அது நல்ல குளிர்காலம். சாயங்காலம் படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவனுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவேன். பழைய கதையெல்லாம் பேசுவோம். இரண்டு வருஷமாக அவன் என்னோடு அவ்வளவு பேசியதில்லை.

ஜனவரி தொடக்கத்தில் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றான். உப்புத் தண்ணீர் கொடுத்தேன், கிராம்பு எண்ணெய் கொடுத்தேன், வலி மாத்திரை கொடுத்தேன். வீக்கம் தாடைக்கு இறங்கியது, காய்ச்சல் வந்தது.

"பல் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போக்கா. போய்ட்டு இங்கயே வந்துடறேன், சத்தியமா."

"மயக்க மருந்து குடுப்பாங்க. மயக்கத்துல நீ என்ன பேசுவியோ, யாருக்குத் தெரியும்?"

"மருந்து வேண்டாம்னு சொல்லிடறேன். சும்மா புடுங்கட்டும். வாயைத் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"வலியில அதைவிட உளறுவே."

அவன் மீண்டும் கேட்டான், அடுத்த நாளும் கேட்டான். பிறகு வீக்கம் தொண்டைக்கு வந்து அவனால் பேச முடியாமல் போனது. தண்ணீர் விழுங்குவதும் கஷ்டம். ஒரு விஷயம் உள்ளபடி சொல்கிறேன். அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தச் சொற்கள் அவ்வளவு பத்திரமாக எப்போதும் இருந்ததில்லை.

கதவைத் திறந்து உள்ளே போய் இரண்டு நாள் அவன் பக்கத்திலேயே இருந்தேன். எழுந்து ஓடுகிற நிலையில் அவன் இல்லை. தலையை மடியில் வைத்து ஈரத்துணி போட்டேன். பத்தொன்பதாம் தேதி காலை, விடிந்து கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது. முகத்தைத் துடைத்து, சட்டையை மாற்றி, மேலே வந்து உங்கள் அலுவலகத்துக்கு நானே ஃபோன் செய்தேன். மறைக்க என்ன இருக்கிறது. அவனைக் கொல்ல வேண்டும் என்று ஒரு நிமிஷம்கூட நான் நினைத்ததில்லை. பத்திரமாக வைத்திருக்கத்தான் நினைத்தேன்.

அந்தக் கட்டணம் குறையவே இல்லையா என்று இப்போது கேட்கிறீர்கள்.

குறைந்தது. நவம்பரில், நன்றி சொல்லும் திருநாளுக்கு மறுநாள், நாற்பது சென்ட்டுக்கு வந்தது. அலைபேசியில் பார்த்தேன். வான்கோழி மிச்சத்தைச் சூடு பண்ணித் தட்டில் வைத்துக் கீழே எடுத்துப் போனேன்.

"இன்னைக்கு எவ்ளோக்கா?" என்றான்.

"ஏறித்தான் கெடக்கு" என்றேன்.

"சரி, நாளைக்குப் பாக்கலாம்" என்றான். சந்தேகமே படவில்லை. நான் சொன்னால் லோரன் எப்போதும் நம்புவான்.