டெஸ்க்கைக் காலி பண்ணாதீங்க

— கையெழுத்தா? நான் போட மாட்டேன் சார். பேனாவை நீங்களே வச்சுக்குங்க.

— பாருங்கம்மா, கோபப்படாதீங்க. ஹெட்மாஸ்டரா நான் ஒண்ணும் உங்க பொண்ணைத் துரத்தல. நீங்களா விரும்பி டிசி வாங்கிக்கிற மாதிரி ஒரு பேப்பர், அவ்வளவுதான். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிடும். அடுத்த ஸ்கூல்லயும் கேள்வி வராது.

— நானா விரும்பி! நல்லா இருக்கு சார் கதை. காலையில அஞ்சு மணி பஸ்ஸை எடுத்தவ, பாதி ட்ரிப்புல வண்டியை இன்னொரு டிரைவர்கிட்ட குடுத்துட்டு யூனிஃபார்மோட ஓடி வந்திருக்கேன். ‘உடனே வாங்க’ன்னு நீங்கதானே போன் போட்டீங்க? இதுல என் விருப்பம் எங்க வந்துச்சு?

— போன் போடாம எப்படிம்மா இருக்க முடியும்? ஏழு வயசுப் பொண்ணு நேத்து டீச்சர் கையைக் கடிச்சிருக்கா. மூணு தையல்!

— கடிச்சது தப்புதான் சார். டீச்சர் கால்ல விழச் சொன்னாலும் விழுந்துடறேன். டிசி மட்டும் வாங்க மாட்டேன்.

— டீச்சர், வெளியவே நின்னா எப்படி? உள்ள வாங்க. கட்டுப் போட்ட கையைக் காட்டுங்க. நீங்களே சொல்லுங்க இவங்ககிட்ட.

— வந்து... நான் என்னத்த சார் சொல்றது? வலி போயிடும். ஆனா எனக்கு ஒண்ணுமே புரியலம்மா. நான் திட்டல, அடிக்கல. அவ டெஸ்க்கைத்தான் சுத்தம் பண்ணினேன்.

— டெஸ்க்கையா? எப்படிச் சுத்தம் பண்ணினீங்க டீச்சர்? ஒண்ணு விடாம சொல்லுங்க.

— வந்து... உள்ள ஒரே எறும்பு. பார்த்தா, மூலையில காய்ஞ்ச ரொட்டித் துண்டா அடுக்கி வச்சிருக்கா, பேப்பர்ல சுத்தி. பிள்ளையைச் சங்கடப்படுத்த வேண்டாம்னு நான் ஒண்ணும் கேக்கல. அவ விளையாடப் போயிருந்தப்போ நோட்டு, கலர் பென்சில், ஸ்வெட்டர் எல்லாத்தையும் ஒரு பெரிய கவர்ல போட்டு, கலந்துடக் கூடாதேன்னு மேல பேரையும் எழுதி, கதவுகிட்ட வச்சேன். தொடைச்சதும் திருப்பி அடுக்கிடலாம்னு.

— ஐயோ டீச்சர்! கவர்ல போட்டு, பேர் எழுதி, கதவுகிட்டயா?

— ஆமா. திரும்பிப் பாக்கறேன், கவரைக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கறா. ‘குடும்மா’ன்னு கையை நீட்டினேன். அவ்வளவுதான்.

— பாருங்கம்மா, இதைத்தான் நான் சொல்றேன். காரணமே இல்லாம கடிக்கிற பிள்ளையை வச்சுக்கிட்டு...

— காரணம் இல்லையா? சார், அவ என்கிட்ட வந்து ஒன்றரை வருஷம் ஆகுது. அதுக்கு முன்னாடி இல்லம், வளர்ப்பு வீடுன்னு நாலு இடம். நாலு இடத்துலேருந்தும் இப்படித்தான் அனுப்பினாங்க. காலையில கண்ணு முழிச்சா அவ சாமான் எல்லாம் கவர்ல இருக்கும், மேல பேர் இருக்கும், கதவுகிட்ட இருக்கும். சாயங்காலம் வேற வீடு. ஏன்னு ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்ல. இதெல்லாம் ஸ்கூல்ல சேர்த்த அன்னைக்கே ஒரு பக்கம் எழுதிக் குடுத்தேனே! ‘அவ இல்லாதப்போ அவ சாமானைத் தொடாதீங்க. ரொட்டியை ஒளிச்சு வச்சா விட்டுடுங்க, அது பசி இல்ல, பயம்’னு. நீங்க படிக்கலையா டீச்சர்?

— எந்த லெட்டர்மா? எனக்கு எதுவும் வரலையே. சார், லெட்டர் ஏதாவது வந்துச்சா?

— அது... பாருங்க, விஷயம் என்னன்னா... பீரோவுல பத்திரமா இருக்கு.

— பத்திரமாவா!

— நல்லதுக்குத்தான்மா வச்சேன். தத்துப் பிள்ளைன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா பசங்க கேலி பண்ணுவாங்க, மத்த பெத்தவங்க வம்பு பேசுவாங்க. கிளார்க்குகிட்டகூட நான் சாவியைக் குடுக்கல, தெரியுமா?

— ரகசியமா வைங்கன்னு நான் கேட்டேனா? என் பொண்ணு தத்துப் பிள்ளைன்னு பக்கத்து வீட்டுக்குத் தெரியும், பஸ் டெப்போ முழுக்கத் தெரியும், அவளுக்கே தெரியும். ரோட்டுல போறவங்களுக்குத் தெரிய வேண்டாம், சரி. தினம் ஆறு மணி நேரம் அவளைப் பாத்துக்கிற டீச்சருக்குமா தெரியக் கூடாது? நீங்க பூட்டுவீங்க, தண்டனை மட்டும் என் பொண்ணுக்கா?

— மெதுவாம்மா, மெதுவா. வெளிய பெஞ்சுல பிள்ளை உக்காந்திருக்கா, காதுல விழும்.

— விழட்டும் சார். அவளுக்காக ஒருத்தி சத்தம் போட்டு அவ இதுவரைக்கும் கேட்டதே இல்ல.

— சரி, லெட்டர் விஷயத்துல தப்பு என் மேலதான். நான் பூசி மெழுகல. ஆனா இல்லத்துலேருந்து வந்த பைல் இதோ இருக்கு, இதுக்கு என்ன சொல்றீங்க? நாலு இடத்துலயும் ஒரே மாதிரி எழுதியிருக்காங்க. ‘அமைதியான குழந்தை. அழுவதில்லை. எந்தத் தொந்தரவும் இல்லை.’ அங்கெல்லாம் வாயில்லாப் பூச்சியா இருந்தவ, உங்ககிட்ட வந்த பிறகுதானே கடிக்கிறா?

— அமைதியான குழந்தை! என்கிட்டயும் அப்படிச் சொல்லித்தான் அவளை ஒப்படைச்சாங்க சார், ஏதோ பெருமை மாதிரி. அந்த அமைதி எப்படி இருக்கும்னு நான் கண்ணால பார்த்திருக்கேன். நான் கூட்டிட்டு வரப் போன அன்னைக்கு, கவரைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னா. நான் யாருன்னு கேக்கல. எங்க போறோம்னு கேக்கல. அஞ்சரை வயசு சார்! மல்லுக்கட்டி என்ன ஆகப் போகுதுன்னு அந்த வயசுலயே விட்டுட்டா. நேத்துதான் முதல் தடவையா மல்லுக்கட்டியிருக்கா.

— அப்போ என்னைக் கடிச்சது...

— உங்க கிளாசை விட்டுப் போக மாட்டேன்னு, டீச்சர்.

— கடவுளே.

— வலிச்சதுக்கு நான் மன்னிப்பு கேக்கறேன். கடிக்கிறது தப்புன்னு அவகிட்ட சொல்லியாச்சு, இனியும் சொல்லிட்டேதான் இருப்பேன். ஆனா இந்தப் பேப்பர்ல என் கை படாது. மேலதிகாரிகிட்ட போறீங்களா, போங்க சார், நானும் கூட வரேன். பெத்தவங்க கூட்டம் போடறீங்களா, போடுங்க, முதல் வரிசையில வந்து உக்காருவேன்.

— இப்படி அடம் பிடிச்சா எப்படிம்மா? டீச்சர்... டீச்சர், பேச்சு பாதியில இருக்கு, நீங்க எங்க எழுந்து போறீங்க?

— அவளைக் கிளாசுக்குக் கூட்டிட்டுப் போறேன் சார். கணக்குப் பாடம் ஆரம்பிக்கணும்.

— நான் இன்னும் முடிவே சொல்லலையே!

— நீங்க நிதானமா சொல்லுங்க சார். கடி வாங்கினவ நான், நான் சொல்லிட்டேன்.